ஒன்றரை மணி மருந்து

அக்டோபர் 8, புதன்

சந்தேகப்படுவதற்கு எனக்குச் சம்பளம் தருகிறார்கள். மற்றவர்கள் எழுதும் புரோகிராம் எங்கே உடையும் என்று தேடிப் பிடிப்பது என் வேலை. டெஸ்டிங் லீட் கோகிலவாணி வருகிறாள் என்றால் இந்தக் கோவைச் சரவணம்பட்டி ஆபீசில் பாதிப் பேர் எழுந்து டீ குடிக்கப் போய்விடுவார்கள். அதில் எனக்குப் பெருமைதான், ஒளிப்பானேன்.

இன்று ஒரு புதுச் சந்தேகம் முளைத்திருக்கிறது. திருமூர்த்தி. ஜூலையில் பெங்களூரிலிருந்து வந்து சேர்ந்த டெவலப்பர், சொந்த ஊர் உடுமலை. ஆபீசில் வயதில் சின்னவர்கள் எல்லோரும் என்னை அக்கா என்பார்கள், இவன் மட்டும் மேடம் என்பான். மத்தியானம் தனியாக உட்கார்ந்து சாப்பிடுவான். இன்று நான் அவன் பின்னால் போனபோது திரையில் இருந்ததைச் சட்டென்று மறைத்தான். மடியில் கனம் இல்லாதவனுக்கு வழியில் என்ன பயம்?

மிக்சி ரிப்பேர். கடைக்காரன் காயில் போய்விட்டது என்கிறான். எனக்கு நம்பிக்கை இல்லை.

அக்டோபர் 10, வெள்ளி

ஷிப்ட் மாறும் தேதியை மேனேஜர் நந்தகோபால் சார் இன்று சுவரில் ஒட்டினார்.

எங்கள் கம்பெனி இங்கிலாந்தில் ஒரு முதியோர் இல்லத்துக்குப் புரோகிராம் எழுதிக் கொடுத்து, அதைப் பராமரிக்கவும் செய்கிறது. முன்பு ஊழியர் வருகைப் பதிவு மட்டும் இருந்தது. இந்த ஜூனிலிருந்து மருந்தும் சேர்ந்துவிட்டது. எந்த அறைக்கு எப்போது என்ன மருந்து என்று நர்சுகள் கையிலிருக்கும் டேப்லெட் கம்ப்யூட்டர் மணியடித்துச் சொல்லும். கொடுத்துவிட்டுத் தொட்டால் அந்த வரி பச்சையாகிவிடும். கொடுக்காவிட்டால் சிவப்பு.

அந்த ஊர்க்காரர்களுக்கு வருஷத்தில் இரண்டு தடவை கடிகாரத்தைத் திருப்பாவிட்டால் தூக்கம் வராது. மார்ச்சில் ஒரு மணி நேரம் முன்னே தள்ளுவார்கள். அக்டோபர் கடைசி ஞாயிறு விடியுமுன் இரண்டு மணி அடிக்கும்போது அதை மறுபடி ஒரு மணியாக்கிவிடுவார்கள். ஆகவே இருபத்தேழாம் தேதியிலிருந்து நாங்களும் ஒரு மணி நேரம் தள்ளி வந்து, ஒரு மணி நேரம் தள்ளிப் போக வேண்டும். வீட்டுக்காரருக்கு இதை ஒவ்வொரு வருஷமும் விளக்குகிறேன். அவரும் ஒவ்வொரு வருஷமும் "அதுக்கு ஏன் புள்ள கடியாரத்தைத் திருப்போணும், நேரத்துல எந்திரிச்சாப் போதாதா?" என்கிறார். மோட்டார் காயில் கட்டும் பட்டறை வைத்திருப்பவரிடம் இதற்கு மேல் வாதாட முடியாது.

கம்ப்யூட்டரில் அந்த மாற்றத்தை நந்தகோபால் சார் தானே செய்துவிடுவார். நமக்கும் இங்கிலாந்துக்கும் வித்தியாசம் நாலரை மணி என்று ஆதியில் யாரோ புரோகிராமிலேயே எழுதி வைத்துவிட்டார்கள். கடிகாரத்தைத் தொட்டுப் பழக்கமில்லாத நாட்டில் பிறந்தவர்களுக்கு அது மாறும் என்று தோன்றியிருக்காது. சார் திங்கட்கிழமை வந்து நாலரையை அழித்து ஐந்தரை போடுவார், மார்ச்சில் திருப்பிப் போடுவார். டெஸ்டிங்குக்கு அது வந்ததே இல்லை. "சின்ன வேலைங்க மேடம், இதுக்குப் போயி உங்க நேரத்தை வீணாக்கறதா" என்பார். இந்த ஆபீசில் என் நேரத்துக்கு மதிப்புக் கொடுப்பவர் அவர் ஒருவர்தான்.

அக்டோபர் 12, ஞாயிறு

முறுக்கு மாவு அரைக்க மில்லுக்குப் போனேன். முன்னால் நின்றவள் என் டப்பாவைக் காலால் நகர்த்தினாள். தெரியாமல் பட்டதாம்.

அக்டோபர் 14, செவ்வாய்

கையும் களவுமாகப் பிடித்துவிட்டேன்.

திருமூர்த்தி டீ குடிக்கப் போனவன் திரையைப் பூட்டாமல் போய்விட்டான். எட்டிப் பார்த்தேன். (ஒருவர் திரையை இன்னொருவர் பார்க்கக் கூடாது என்று விதி இருக்கிறது. பூட்டாமல் போகக் கூடாது என்றும் விதி இருக்கிறது.) இல்லத்தின் மருந்துப் பதிவு திறந்திருந்தது. ஏழாம் அறை, வலிக்கான மார்ஃபின் மருந்து, ராத்திரி ஒன்றரை மணி, கொடுக்கப்பட்டது என்று பச்சை வரி. தேதி அக்டோபர் இருபத்தாறு.

இன்றைக்குத் தேதி பதினாலு! இன்னும் வராத ராத்திரியில் ஒரு நோயாளிக்கு மருந்து கொடுத்தாகிவிட்டதாக இவன் எழுதி வைத்திருக்கிறான். அதுவும் பூட்டி வைத்துக் கொடுக்கிற மருந்து. கொடுத்ததாகக் கணக்கு எழுதிவிட்டால் சீசா எங்கே போகிறது என்று யார் கேட்பார்கள்? அங்கே யாரோ கூட்டாளி இருக்க வேண்டும்.

அவன் திரும்பி வருவதற்குள் என் இடத்துக்கு வந்துவிட்டேன். ஊமை ஊரைக் கெடுக்கும் என்று சும்மாவா சொன்னார்கள்.

அக்டோபர் 15, புதன்

நந்தகோபால் சாரிடம் சொல்லிவிட்டேன். கேட்டதும் முகம் ஒரு மாதிரி ஆகிவிட்டது. எழுந்து கதவைச் சாத்தினார். வேறு யாரிடமாவது சொன்னேனா, திருமூர்த்தியிடம் ஏதாவது கேட்டேனா என்று இரண்டு தடவை விசாரித்தார். திருடனிடமே போய் நீ திருடனா என்று யாராவது கேட்பார்களா என்றேன். அப்புறம்தான் அவருக்கு மூச்சு வந்தது.

"நல்ல வேளைங்க மேடம், நேரா என்றகிட்ட வந்தீங்க. இதை அப்படியே ஹெட் ஆபீசுக்கு எழுதிப்போடுங்க. நான் சொன்னதாட்ட இருக்க வேண்டாம், நீங்களா கண்டுபிடிச்சதாவே இருக்கட்டும். பேரு உங்களுக்கு வரோணும்."

எவ்வளவு பெரிய மனசு. வெளியே வரும்போது, ஜனவரியில் எனக்கு மேலே டெலிவரி மேனேஜர் இடம் காலியாகிறது என்பதையும் பேச்சோடு பேச்சாகச் சொன்னார். பதவிக்காக நான் எதையும் செய்கிறவள் இல்லை. பத்து வருஷமாக ஒரே நாற்காலியில் உட்கார்ந்திருக்கிறேன் என்பது வேறு விஷயம்.

அக்டோபர் 17, வெள்ளி

சாரின் கண்ணாடி அறையில் இருவருக்கும் வாக்குவாதம். நான் தண்ணீர் பிடிக்கும் சாக்கில் பக்கத்தில் நின்றேன். திருமூர்த்தியின் குரல் உயர்ந்து இன்றுதான் கேட்டேன்.

"அந்த ஒரு ராத்திரி மட்டும் கம்ப்யூட்டரை விட்டுப்போட்டுப் பேப்பர்ல எழுதிக்கச் சொல்லுங்க சார். இல்லீன்னா நானே ஹெட் ஆபீசுக்கு எழுதறனுங்க."

சார் ஏதோ தாழ்ந்த குரலில் சொன்னார், காதில் விழவில்லை. இதைவிட வேறென்ன சாட்சி வேண்டும்? கம்ப்யூட்டரில் எழுதினால் தடயம் இருக்கும், பேப்பரைக் கிழித்துப் போட்டுவிடலாம். அதற்குச் சாரையே மிரட்டுகிறான்.

ராத்திரிச் சமையலை முடித்துவிட்டுப் புகாரை எழுதி அனுப்பினேன். "நோயாளியின் பதிவைத் திருத்துகிறார்" என்று எழுதும்போது மட்டும் கை கொஞ்சம் தயங்கியது. கடுமையான சொல். ஆனால் கண்ணால் பார்த்தேனே.

அக்டோபர் 20, திங்கள், தீபாவளி

நந்தகோபால் சார் வீட்டுக்கே வந்து ஒரு பெரிய டப்பா மைசூர்பா கொடுத்துவிட்டுப் போனார். என்னைப் போல நாலு பேர் இருந்தால் ஆபீஸ் எங்கேயோ போயிருக்கும் என்று வீட்டுக்காரரிடம் சொன்னார். எனக்குத் தலைகால் புரியவில்லை.

அவர் போனதும் வீட்டுக்காரர் டப்பாவையே பார்த்துக்கொண்டிருந்தார். "பத்து வருசத்துல இந்தாளு நம்மூட்டுப் படி ஏறுனதில்லியே புள்ள. இப்ப என்னத்துக்கு வர்றாரு?"

நல்ல நாளும் அதுவுமாக இப்படிச் சந்தேகப்பட்டால் எப்படி விளங்கும் என்று சத்தம் போட்டேன். அவர் ஒரு மைசூர்பாவை எடுத்துக்கொண்டு பட்டாசு வெடிக்கப் போய்விட்டார்.

அக்டோபர் 23, வியாழன்

திருமூர்த்தியை வெளியே அனுப்பிவிட்டார்கள். விசாரணை முடியும்வரை வரக்கூடாதாம். லேப்டாப்பை வாங்கிக்கொண்டார்கள். அவன் செய்து வைத்திருந்த மாற்றங்களையும் எடுத்துவிட்டதாகச் சார் சொன்னார்.

செக்யூரிட்டி பக்கத்தில் நிற்க, பையைத் தூக்கிக்கொண்டு என் மேஜைக்கு எதிரே வந்து நின்றான். "மேடம், ஞாயித்துக்கிழமை..." என்று ஆரம்பித்தான். நான் திரையைப் பார்த்துக்கொண்டே இருந்தேன். செக்யூரிட்டி அவன் தோளைத் தொட்டதும் போய்விட்டான். மிரட்டத்தான் வந்திருப்பான்.

மத்தியானம் யாரும் என்னோடு சரியாகப் பேசவில்லை. பேசாவிட்டால் போகட்டும்.

அக்டோபர் 24, வெள்ளி

ஞாயிறு காலை ஆபீசில் இருந்து இல்லத்தின் பதிவைக் கவனிக்கச் சொல்லியிருக்கிறார் சார். எப்போதும் கிடையாத ஏற்பாடு. மருந்து சேர்ந்த பிறகு வரும் முதல் கடிகார மாற்றமாம், டெஸ்டிங் லீட் கூடவே இருந்தார் என்று எழுத்தில் இருந்தால் நல்லதாம். அவர் குடும்பத்தோடு வால்பாறை போகிறார். "நீங்க இருக்கறீங்கங்கற தைரியத்துலதான் மேடம் போறேன்" என்றார்.

மருந்துச் சீட்டு, பால் கார்டு, மிக்சி. மூன்றையும் மறந்துவிட்டேன்.

அக்டோபர் 26, ஞாயிறு

நடந்ததை நடந்தபடி எழுதிவிடுகிறேன்.

விடியும்போதே ஆபீஸ் போய்விட்டேன். நானும் வாசலில் செக்யூரிட்டியும் மட்டும்தான். இங்கே ஆறு மணி ஆனபோது அங்கே ராத்திரி ஒன்றரை. ஏழாம் அறையின் மருந்து மணியடித்தது, சில நிமிஷத்தில் வரி பச்சையானது. யாரோ கொடுத்துவிட்டார்கள். ஃபிளாஸ்கிலிருந்து காப்பி ஊற்றிக்கொண்டேன்.

ஆறரைக்கு அங்கே கடிகாரம் பின்னால் போனது. இரண்டு மணி மறுபடி ஒரு மணியாயிற்று. என் கண்ணெதிரே ஏழாம் அறையின் பச்சை வரி மறைந்து அதே இடத்தில் சிவப்பு வந்தது. மருந்து கொடுக்கப்படவில்லை.

நான் கண்ணைத் துடைத்துக்கொண்டு பார்த்தேன். அப்புறம்தான் உறைத்தது. டேப்லெட்டின் கணக்கில் இப்போது மணி ஒன்று. மருந்து கொடுத்ததாகப் பதிவானது ஒன்றரைக்கு மேல். இன்னும் வராத நேரத்தில் ஒரு பதிவு இருந்தால் அது பொய்ப் பதிவு என்று தள்ளிவிடும்படி புரோகிராமில் ஒரு விதி இருக்கிறது. அது தள்ளிவிட்டது. ஏழு மணிக்கு அங்கே இரண்டாவது முறையாக ஒன்றரை ஆகும், இரண்டாவது முறையாக மணியடிக்கும். வலியில் கிடக்கும் ஒரு கிழவருக்கு ஒரே ராத்திரியில் இரண்டு வேளை மார்ஃபின். தூங்குகிறவர் எழுந்திருக்காமலே போகலாம்.

திருமூர்த்தியின் திரையில் நான் பார்த்தது இதே அறை, இதே தேதி, இதே வரி. அவன் பொய்க் கணக்கு எழுதவில்லை. இந்த ராத்திரியை முன்கூட்டியே நடத்திப் பார்த்திருக்கிறான். நான் செய்ய வேண்டிய வேலை அது.

நந்தகோபால் சாருக்குப் போன் செய்தேன். சுவிட்ச் ஆஃப். மறுபடி, மறுபடி. அதன் பிறகு வெட்கத்தை விழுங்கிக்கொண்டு திருமூர்த்தியைக் கூப்பிட்டேன். எடுக்க மாட்டான் என்று நினைத்தேன், முதல் மணியிலேயே எடுத்தான். நான் வாயைத் திறப்பதற்குள், "ஏழாம் ரூம் சிவப்பாயிடுச்சுங்களா மேடம்?" என்றான்.

ஆமாம் என்றேன். கம்ப்யூட்டரில் இனி ஒன்றும் செய்வதற்கில்லை, சரிபண்ணுவதற்குள் நேரம் போய்விடும், இல்லத்துக்கே போன் செய்யுங்கள் என்றான். மேனேஜரைத் தவிர யாரும் அவர்களிடம் பேசக் கூடாது என்பது ஒப்பந்தம் என்றேன். இப்போது நினைத்தால் நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போல இருக்கிறது, ஆனால் அப்படித்தான் சொன்னேன்.

"ஒரு உசுருங்க மேடம்" என்றான்.

இல்லத்துக்குப் போன் போட்டேன். ஜாய்ஸ் என்று ஒரு நர்ஸ் எடுத்தாள். ஏழாம் அறைக்குத்தான் கிளம்பிக்கொண்டிருக்கிறாள், சிவப்பைப் பார்த்து மருந்தை அளந்து கையில் எடுத்துக்கொண்டாயிற்று. கொடுக்காதீர்கள், ஏற்கெனவே கொடுத்தாகிவிட்டது என்று என் ஆங்கிலத்தில் தட்டுத்தடுமாறிச் சொன்னேன். கொடுத்த நர்ஸ் ஓய்வு அறையில் படுத்திருக்கிறாள், இவளுக்கு ஒன்றும் தெரியாது. திரை கொடுக்கவில்லை என்கிறது, திரையை நம்பச் சொல்லித்தான் எங்களுக்குப் பயிற்சி, நீ யார், எங்கிருந்து பேசுகிறாய் என்று கேட்டாள். கோயம்புத்தூர் என்றால் அவளுக்கு என்ன தெரியும்? பேச்சில் சந்தேகம் அப்பட்டமாகத் தெரிந்தது. அவள் இடத்தில் நான் இருந்தால் இந்நேரம் போனைத் துண்டித்திருப்பேன்.

என்னை நம்ப வேண்டாம், உள்ளே போய் அந்த நர்சை எழுப்பி ஒரு வார்த்தை கேளுங்கள், கேட்க எவ்வளவு நேரம் ஆகிவிடும் என்று கெஞ்சினேன். சொல்லி முடித்ததும் எனக்கே ஒரு மாதிரி ஆகிவிட்டது. ஒன்பது நாளாக எனக்கு எதிர் மேஜையில் ஒருவன் இருந்தான், அவனை நான் ஒரு வார்த்தை கேட்கவில்லை.

போனை மேஜைமேல் வைத்துவிட்டுப் போனாள். காலடிச் சத்தம், ஒரு கதவு, அப்புறம் ஒன்றுமே இல்லை. திரும்பி வந்தபோது அவள் குரல் மாறியிருந்தது. கொடுத்தாகிவிட்டது, தன் கையாலேயே கொடுத்ததாக அவள் சொல்கிறாள் என்றாள். கிழவர் நன்றாகத் தூங்குகிறாராம். ஏழு மணிக்கு டேப்லெட் மணியடித்தது போனிலேயே எனக்குக் கேட்டது. ஜாய்ஸ் அதை அணைத்தாள்.

திருமூர்த்தியை மறுபடி கூப்பிட்டுச் சொன்னேன். பெருமூச்சு விட்டான். அப்போதுதான் மிச்சத்தையும் கேட்டுத் தெரிந்துகொண்டேன். கடிகார மாற்றத்தைப் புரோகிராமே பார்த்துக்கொள்ளும், டெஸ்ட் செய்தாகிவிட்டது என்று ஜூனிலேயே சார் இல்லத்துக்கு வாக்குக் கொடுத்திருக்கிறார். டெஸ்டிங்குக்கு வந்தால் அது பொய் என்பது எழுத்தில் ஏறிவிடும் என்று என்னிடமிருந்து மறைக்கச் சொல்லித்தான் வேலையை அவனிடம் கொடுத்திருக்கிறார். அது முடியாது, நேரம் போதாது, ஒரு ராத்திரி பேப்பரில் எழுதிக்கொள்ளச் சொல்லுங்கள் என்று அவன் முரண்டு பிடித்தபோது, என் புகார் அவருக்குத் தானாக வந்து கையில் விழுந்திருக்கிறது. வியாழக்கிழமை அவன் என்னிடம் சொல்ல வந்ததும் இந்த ஏழாம் அறையைப் பற்றித்தான்.

வீட்டுக்கு வந்து மைசூர்பா டப்பாவைக் குப்பையில் போட்டேன். வீட்டுக்காரர் பார்த்துவிட்டு அதன் மூடியையும் எடுத்து உள்ளே போட்டார்.

அக்டோபர் 27, திங்கள்

சார் ஒன்றுமே நடக்காதது போல வந்து நாலரையை ஐந்தரையாக்கினார். பிறகு என்னை உள்ளே கூப்பிட்டார். இல்லத்திலிருந்து கேள்வி வந்திருக்கிறதாம். திருமூர்த்தி கை வைத்ததால்தான் புரோகிராம் கெட்டது என்று நான் எழுதித் தர வேண்டுமாம்.

"புதுசா ஒண்ணும் எழுத வேண்டாமுங்க மேடம். உங்க புகாருல பாதி இருக்குது, மீதியச் சேத்துப்போடுங்க. ஒப்பந்தத்தை மீறி நீங்க போன் பண்ணினதை நான் பாத்துக்கறேன்."

அவர் சொன்னது உண்மைதான். என் புகாரில் பாதி இருந்தது. அதை அவருக்காகவே அளவெடுத்துத் தைத்துக் கொடுத்தது போல எழுதியிருந்தேன். எல்லோரையும் சந்தேகப்பட்டவள், என்னைப் புகழ்ந்தவரை மட்டும் விட்டுவிட்டேன். அவமானமாக இருந்தது. மத்தியானம் ஹெட் ஆபீசுக்கு எழுதினேன். என் புகார் தவறு, திருமூர்த்தி எதையும் திருத்தவில்லை, இந்த மாற்றம் டெஸ்டிங்குக்கு வந்ததே இல்லை, ஞாயிறு நடந்தது இது, ஜூனில் வாக்குக் கொடுத்தவர் இவர். நகல் ஒன்றைச் சாருக்கும் அனுப்பினேன்.

அக்டோபர் 29, புதன்

சாரை விடுப்பில் அனுப்பிவிட்டார்கள். எனக்கு மெமோ. ஒப்பந்தத்தை மீறியதற்கு ஒன்று, பொய்ப் புகாருக்கு ஒன்று. இரண்டுக்கும் கையெழுத்துப் போட்டேன்.

அக்டோபர் 31, வெள்ளி

திருமூர்த்தியைத் திரும்ப வரச் சொல்லியிருக்கிறார்கள். வரமாட்டேன் என்று எழுதிவிட்டானாம். பதிவைத் திருத்தியவன் என்று ஆபீஸ் முழுக்கப் பேசியாகிவிட்டது, அது உடுமலைவரை போயிருக்கிறது. அவன் அப்பா இரண்டு நாள் சாப்பிடவில்லை என்று பக்கத்து மேஜைப் பெண் சொன்னாள். என் முகத்தைப் பார்க்காமல்தான் சொன்னாள்.

சாயங்காலம் அவனே போன் செய்தான். தான் பாதியில் விட்ட வேலையை யாராவது முடிக்க வேண்டும், எப்படி என்று சொல்கிறேன் என்றான். நான் பேனாவை எடுத்துக்கொண்டேன். நாலரை, ஐந்தரை என்று எழுதி வைக்கும் கணக்கையே தூக்கிவிட வேண்டும், உலகத்துக்கெல்லாம் பொதுவான மாறாத நேரம் ஒன்று இருக்கிறது, பதிவெல்லாம் அதில் இருக்க வேண்டும், நர்சின் கண்ணுக்கு மட்டும் அவர்கள் ஊர் மணியைக் காட்ட வேண்டும் என்று பொறுமையாகச் சொன்னான். நான் கேட்ட கேள்விக்கெல்லாம் பதில் சொன்னான். அவனிடம் இவ்வளவு கேள்வி கேட்டது இதுதான் முதல் தடவை.

முடிந்ததும், "திருமூர்த்தி, என்னை மன்னிச்சிருங்க" என்றேன்.

வைத்துவிட்டானோ என்று பார்த்தேன். வைக்கவில்லை.

"மார்ச்சுல கடியாரம் முன்னாடி போகுமுங்க மேடம். அன்னைக்கு ஒண்ணு அடிச்சா உடனே ரெண்டு. ஒண்ணரை மணிங்கறதே வராது, மருந்துக்கு மணியே அடிக்காது. விடியற வரைக்கும் அவரு வலியில கெடப்பாரு. அதையும் பாத்துப்போடுங்க."

சரி என்றேன். வேறு ஏதாவது சொல்வான் என்று காத்திருந்தேன்.

"எழுதிக்கிட்டீங்களா?" என்று கேட்டான்.

எழுதிக்கொண்டேன் என்றேன். போனை வைத்துவிட்டான்.